வரைந்த புரோகிராம் நாளைக்கும் திறக்குமா?

கட்டங்களை வைத்து, வயர் இழுத்துப் புரோகிராம் செய்யும் லேப்வியூ போன்ற மென்பொருள்களைப் பற்றி வந்திருக்கும் கேள்விகளில் முக்கால்வாசி ஒரே கவலையைச் சொல்கின்றன: கோப்பு பழையது, பதிப்பு புதியது, இரண்டுக்கும் ஒத்துவரவில்லை. அதனால் இந்த முறை அதற்கு மட்டுமே பதில்.

வீட்டில் லேப்வியூ 2020-இல் செய்த கோப்பு ஆய்வகத்தில் இருக்கும் 2014-இல் திறக்க மறுக்கிறது. ஆய்வகத்துக் கோப்போ வீட்டில் சிக்கலே இல்லாமல் திறக்கிறது. இது ஒருவழிப் பாதையா?
- ஆராய்ச்சி மாணவி, காரைக்குடி

ஒருவழிப் பாதைதான். 2020-ஐ உருவாக்கியவர்கள் 2014-ஐ அறிவார்கள். 2014-ஐ உருவாக்கியவர்களுக்கு 2020-இல் என்ன வரப்போகிறது என்று தெரிய வழியே இல்லை. தனக்குத் தெரியாத வடிவத்தில் இருக்கும் கோப்பைத் தப்பும் தவறுமாகத் திறந்து காட்டுவதைவிட, "இது என்னைவிடப் புதிய பதிப்பு" என்று சொல்லி நிறுத்திக்கொள்வதே நேர்மை.

வீட்டில் ஃபைல் மெனுவுக்குப் போய் 'சேவ் ஃபார் ப்ரீவியஸ் வெர்ஷன்' என்பதைத் தேர்ந்தெடுத்து 2014 என்று சொல்லுங்கள். மூலக் கோப்பைத் தொடாமல் தனியாக ஒரு பிரதி எழுதித் தரும். ஒன்றை மட்டும் கவனியுங்கள். 'மேப்', 'செட்' என்ற தரவு வகைகள் லேப்வியூவுக்கு 2019-இல்தான் வந்தன. அவற்றைப் பயன்படுத்தியிருந்தால் 2014 பிரதியில் அந்த இடம் உடைந்திருக்கும். பிரதி எடுத்து முடித்ததும் வரும் எச்சரிக்கைப் பட்டியலைப் படிக்காமல் மூடிவிடாதீர்கள். மறுநாள் ஆய்வகத்தில் எங்கே சிக்கல் வரும் என்பது அதில்தான் இருக்கிறது.

இரண்டு இடத்திலும் வேலை செய்வது நிச்சயம் என்றால், இருப்பதிலேயே பழைய பதிப்பில் எழுதுங்கள். மாற்றித் தரும் வசதியைத் தினமும் நம்பியிருக்க வேண்டாம்.

1990-இல் எழுதிய சி புரோகிராமை இன்றும் நோட்பேடில் திறந்து படிக்கலாம். பட புரோகிராமுக்கு மட்டும் ஏன் இந்தத் தலையெழுத்து?
- ஓய்வுபெற்ற பேராசிரியர், திருச்சி

நீங்கள் கேட்டதுதான் இந்த விஷயத்தின் ஆணிவேர்.

சி புரோகிராம் என்பது எழுத்து. கம்பைலர் ஏற்காவிட்டாலும் மனிதர் படிக்கலாம். படித்துவிட்டால் வேறு மொழியில் திருப்பி எழுதலாம். லேப்வியூவின் 'விஐ' கோப்பு அப்படியல்ல. திரையில் தெரியும் ஃபிரன்ட் பேனல், வயர் இழுத்த பிளாக் டயாகிராம், இரண்டும் பைனரியாக ஒரே கோப்புக்குள் அடைக்கப்பட்டிருக்கின்றன. கூடவே இயந்திரம் ஓட்டுவதற்கான கம்பைல் செய்த நிரலும் வழக்கமாக அதே கோப்பில்தான் இருக்கும். நோட்பேடில் திறந்தால் அர்த்தமில்லாத குறிகள்தான் தெரியும். அதைப் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் லேப்வியூதான், அதுவும் சரியான பதிப்பு.

1986-இல் ஆப்பிள் மேக்கின்டாஷில் லேப்வியூ வெளிவந்தபோது, சோதனைச்சாலையில் இருப்பவர்கள் எழுத்துப் புரோகிராமிங் கற்காமலேயே கருவிகளோடு பேச வேண்டும் என்பதுதான் நோக்கம். அது பெரிய நன்மை. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் படமாக எழுதியதைப் படிக்கும் உரிமை அந்த மென்பொருளோடு பிணைக்கப்பட்டுவிட்டது. அந்தப் பிணைப்பு இருக்கும்வரை, பழைய கோப்பைத் திறந்து காட்டுவது தயாரிப்பாளர் காட்டும் சலுகை ஆகாது. அது அவர் பட்ட கடன்.

பழைய விஐ-யைப் புதிய பதிப்பில் திறந்து பார்த்துவிட்டு மூடினால் 'சேமிக்கவா?' என்று கேட்கிறது. நான் எதையும் தொடவே இல்லையே?
- கருவிமயப் பொறியாளர், ஒசூர்

நீங்கள் தொடவில்லை, அது தொட்டிருக்கிறது. திறந்த உடனே தன் பதிப்புக்கு ஏற்ப மறுபடி கம்பைல் செய்துகொண்டது. 'வேண்டாம்' என்று சொல்லுங்கள். 'சரி' என்று சொன்ன நொடியில் அந்தக் கோப்பு புதிய பதிப்புக்குப் போய்விடும். பழைய கணினியில் இனித் திறக்காது. முதலில் முழு ஃபோல்டரையும் பிரதி எடுங்கள். பிரதியில் திறந்து, ஓட்டி, கருவியிலிருந்து வரும் அளவுகள் பழையபடியே வருகின்றனவா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். பிறகு சேமியுங்கள்.

லேப்வியூவில் செய்த எக்ஸி கோப்புக்கும் இதே பிரச்சினையா?
- விமல் என்று மட்டும் கையெழுத்திட்டிருப்பவர், சேலம்

இருந்தது. ஒவ்வொரு எக்ஸியும் தன் பதிப்பின் ரன்டைமையே தேடும். அதனால் ஒரே கணினியில் நாலைந்து ரன்டைம் நிறுவ வேண்டியிருந்தது. 2017 பதிப்பு முதல், பின்னால் வரும் ரன்டைமிலும் ஓடும்படி எக்ஸியைக் கட்ட முடிகிறது. அதற்கு முன் கட்டியதென்றால் பழைய ரன்டைமின் நிறுவல் கோப்பைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் ஸ்கிராட்ச் இருக்கிறது. பள்ளிக் கணினியில் இருப்பது ஸ்கிராட்ச் 2. பிள்ளைகள் வீட்டில் செய்து கொண்டுவரும் கோப்பு எதுவும் திறப்பதில்லை. அவர்களுக்கு என்ன பதில் சொல்வேன்?
- அரசுப் பள்ளி ஆசிரியை, விருதுநகர் மாவட்டம்

டீச்சர், பிள்ளைகள் மேல் தவறில்லை என்பதை முதலில் அவர்களிடம் சொல்லிவிடுங்கள். தன் கோப்பு திறக்கவில்லை என்றால் தனக்கு வரவில்லை என்று நினைத்துக்கொள்ளும் வயசு அது.

ஸ்கிராட்ச் 2007-இல் எம்ஐடி மீடியா லேபிலிருந்து வெளிவந்தது. இரண்டாம் பதிப்பு 2013-இல், மூன்றாம் பதிப்பு 2019 ஜனவரியில். கோப்பின் பெயர் முடிவைப் பாருங்கள்: 'எஸ்பி' என்றால் முதல் பதிப்பு, 'எஸ்பி2' இரண்டாவது, 'எஸ்பி3' மூன்றாவது. மூன்றாம் பதிப்பு மூன்றையும் திறக்கும். உங்கள் இரண்டாம் பதிப்பு எஸ்பி3-ஐத் திறக்காது. எஸ்பி3-ஐப் பழைய வடிவத்தில் சேமிக்கும் வசதியை ஸ்கிராட்ச் தரவில்லை.

ஸ்கிராட்ச் குழுவை இந்த இடத்தில் மனதாரப் பாராட்ட வேண்டும். முதல் பதிப்பு ஸ்குவீக் என்ற சூழலில் எழுதப்பட்டது, இரண்டாவது ஃபிளாஷில், மூன்றாவது ஜாவாஸ்கிரிப்டில். அதாவது வெறும் ஒட்டுப்போடல் இல்லை, அடித்தளத்தையே இரண்டு முறை மாற்றியிருக்கிறார்கள். ஃபிளாஷுக்கான ஆதரவை அடோபி 2020 டிசம்பர் 31-உடன் நிறுத்தியதால் மாறாமல் இருக்கவும் முடியாது. அப்படியிருந்தும் 2007-இல் ஒரு குழந்தை செய்த பூனை இன்றும் நடக்கிறது. பேனா பிளாக்குகளை மூன்றாம் பதிப்பில் முதன்மைப் பட்டியலிலிருந்து எடுத்துத் தனி இணைப்பாக வைத்தார்கள். ஆனால் பேனாவைப் பயன்படுத்திய பழைய கோப்பைத் திறந்தால் அந்த இணைப்பு தானாகவே வந்து சேர்ந்துகொள்ளும். குழந்தை எதையும் தேட வேண்டியதில்லை. பல கோடி முதலீட்டில் இயங்கும் தொழிற்சாலை மென்பொருள்களில்கூட இத்தனை அக்கறையை நான் அதிகம் பார்த்ததில்லை.

உங்களுக்கு வழி: பள்ளிக் கணினியில் ஓரளவு புதிய பிரவுசரும் இணையமும் இருந்தால் அதிலேயே மூன்றாம் பதிப்பைத் திறக்கலாம். இல்லையென்றால், வகுப்புக்கான வேலையை மட்டும் பள்ளியிலேயே செய்யச் சொல்லுங்கள். அங்கே சேமித்த எஸ்பி2 கோப்பு வீட்டிலும் திறக்கும்.

மகனுக்காகப் பழைய லெகோ மைண்ட்ஸ்டார்ம்ஸ் ஒன்றை வாங்கினேன். என்எக்ஸ்டி, இவி3 இரண்டும் ஒரே கம்பெனிதானே, புரோகிராம்கள் ஒன்றுக்கொன்று போகாதா?
- தந்தை ஒருவர், கோலாலம்பூர்

போகாது. 2006-இல் வந்த என்எக்ஸ்டி, 2013-இல் வந்த இவி3 இரண்டின் மென்பொருளும் லேப்வியூவின் மேல் கட்டப்பட்டவைதான். இருந்தும் என்எக்ஸ்டியின் மென்பொருளான என்எக்ஸ்டி-ஜியில் செய்த புரோகிராமை இவி3 மென்பொருள் திறக்காது. பின்னால் ஸ்கிராட்ச் பாணியில் இவி3 கிளாஸ்ரூம் வந்தது. முந்தைய இவி3 கோப்புகளை அதுவும் திறப்பதில்லை. மைண்ட்ஸ்டார்ம்ஸ் விற்பனையை 2022 முடிவோடு லெகோ நிறுத்திவிட்டது.

மகன் ஒரு ரோபோவை ஓட்டிக் காட்டும் ஒவ்வொரு முறையும் புரோகிராம் திரையைப் படம் எடுத்து வைத்துவிடுங்கள். பிளாக் புரோகிராமில் படமே மூலம். படம் இருந்தால் எந்தப் பதிப்பிலும் மறுபடி அடுக்கிவிடலாம்.

எங்கள் மில்லில் மெஷினை இயக்கும் பிஎல்சி-யின் லேடர் புரோகிராமில் சின்ன மாற்றம் செய்ய வேண்டும். மெஷின் தந்தவர்கள் "புதிய சாஃப்ட்வேருக்கு மாறினால்தான் முடியும்" என்கிறார்கள். பழைய கோப்பு எங்களிடம் இல்லை. பிஎல்சி-யிலிருந்தே எடுத்துக்கொள்ளலாமா?
- பராமரிப்புப் பொறியாளர், கோவை

எடுக்கலாம், ஆனால் எல்லாம் வரும் என்று சொல்ல முடியாது. பல பிஎல்சி-களில் லாஜிக் மட்டும் திரும்பி வரும். எந்த இன்புட் எந்த மோட்டாருடையது என்ற பெயர்களும் குறிப்புகளும் வராது. நூற்றுக்கணக்கான ரங்குகளில் வெறும் முகவரி எண்களைப் பார்த்துக்கொண்டு நள்ளிரவில் பிரேக்டவுன் சரிசெய்வது எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

லேடர், ஃபங்ஷன் பிளாக் ஆகிய பட மொழிகளுக்கு ஐஇசி 61131-3 என்ற பன்னாட்டுத் தரம் 1993 முதலே இருக்கிறது. அந்தத் தரம் மொழியைச் சொல்கிறது. கோப்பு எப்படி இருக்க வேண்டும் என்று அப்போது சொல்லவில்லை. அதனால் ஒவ்வொரு கம்பெனியும் தன் வடிவத்தில் சேமித்தது. கம்பெனி விட்டுக் கம்பெனி மாற்றிக்கொள்ள எக்ஸ்எம்எல் வடிவம் ஒன்று ஐஇசி 61131-10 என்ற பெயரில் 2019-இல்தான் தரமாக வந்தது. மொழிக்கும் கோப்புக்கும் நடுவில் 26 வருட இடைவெளி. அந்த இடைவெளியில் நிறுவிய மெஷின்கள்தான் இன்று கோவையிலும் திருப்பூரிலும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

செய்ய வேண்டியவை இவை. மெஷின் தந்தவரிடம் மூலப் புராஜெக்ட் கோப்பை எழுத்தில் கேளுங்கள். கிடைத்ததும், அதைத் திறக்கும் அதே பதிப்பு மென்பொருள், அது ஓடும் விண்டோஸ், லைசென்ஸ் மூன்றையும் ஒரு விர்ச்சுவல் மெஷினில் நிறுவி, அந்த மெஷினையே இரண்டு இடத்தில் பிரதி எடுத்து வையுங்கள். விண்டோஸ் எக்ஸ்பி இன்னும் பல ஆலைகளில் இப்படித்தான் உயிரோடு இருக்கிறது. அது வெட்கப்பட வேண்டிய விஷயம் இல்லை, முன்யோசனை. அடுத்த மெஷின் வாங்கும்போது, மனை வாங்குகிறவர் மூலப்பத்திரம் கேட்பதுபோல மூலக் கோப்பைக் கேட்டு வாங்குங்கள். பர்ச்சேஸ் ஆர்டரிலேயே அதை ஒரு நிபந்தனையாகப் போடுங்கள். பணம் கைமாறிய பிறகு கேட்டால் கிடைப்பது அரிது.

சிமுலிங்க் மாடல். நான் புதிய பதிப்பு, கைடு பழைய பதிப்பு.
- பொறியியல் மாணவர், வேலூர்

'எக்ஸ்போர்ட் டு ப்ரீவியஸ் வெர்ஷன்'. அனுப்பும் முன் அந்தப் பிரதியை ஒருமுறை திறந்து, மஞ்சள் நிறப் பிளாக் இருக்கிறதா பாருங்கள். பழைய பதிப்பில் இல்லாத பிளாக்குகளின் இடத்தில் உள்ளே ஒன்றுமில்லாத மஞ்சள் பெட்டியைச் சிமுலிங்க் வைத்துவிடும். கைடு அதைக் கண்டுபிடிப்பதற்கு முன் நீங்கள் கண்டுபிடிப்பது நல்லது.

பழையதைச் சுமந்துகொண்டே இருந்தால் எந்த மென்பொருளும் முன்னேறாதே? எல்லாவற்றையும் தூக்கிப்போட்டுப் புதிதாக எழுதினால் என்ன?
- மென்பொருள் வல்லுநர், பெங்களூரு

செய்து பார்த்திருக்கிறார்கள். லேப்வியூவை உருவாக்கிய நேஷனல் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 2017-இல் லேப்வியூ என்எக்ஸ்ஜி என்று ஒன்றை வெளியிட்டது. பெரிதாக்கிப் பார்த்தாலும் கலங்காத திரை, நவீனத் தோற்றம் என்று பல வருடங்களாகக் கேட்டதெல்லாம் அதில் இருந்தது. ஆனால் பழைய விஐ-கள் நேராகத் திறக்கவில்லை. மாற்றும் கருவி வழியாகத்தான் போக வேண்டும். பழைய லேப்வியூவில் இருந்த பல வசதிகளும் தொடக்கத்தில் வரவில்லை. முப்பது வருடமாகச் சேர்த்த புரோகிராம்களை வைத்திருந்தவர்கள் போகத் தயங்கினார்கள். 2021-இல் வந்த 5.1-உடன் என்எக்ஸ்ஜி நின்றது. பழைய லேப்வியூதான் தொடர்ந்து வந்துகொண்டிருக்கிறது. 2023-இல் அந்த நிறுவனத்தையே எமர்சன் வாங்கியபோது கைமாறியதும் அந்தப் பழைய லேப்வியூதான்.

முன்னேற்றம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பயன்படுத்துகிறவர் இத்தனை வருடம் செய்த வேலை வாசலிலேயே நின்றுவிட்டால், அவரும் வாசலோடு நின்றுவிடுவார். என்எக்ஸ்ஜி-யை உருவாக்கியவர்கள் திறமைசாலிகள். அவர்கள் தோற்றது திறமைக் குறைவால் அல்ல.

அப்படியானால் இதைச் சரியாகச் செய்கிறவர்கள் யார்?
- ஒலிப் பொறியாளர், சென்னை

மூன்று பேரைச் சொல்வேன்.

கட்டிடக் கலைஞர்கள் பயன்படுத்தும் கிராஸ்ஹாப்பரில் ஒரு பிளாக்கின் நடத்தையை மாற்ற வேண்டி வந்தால், பழையதை அழிப்பதில்லை. புதிய பிளாக் பட்டியலுக்கு வரும். பழைய கோப்பில் இருப்பது 'ஓல்ட்' என்ற முத்திரையோடு அப்படியே ஓடிக்கொண்டிருக்கும். எப்போது மாற்றுவது என்பதை வரைந்தவர் முடிவு செய்யலாம்.

முப்பரிமாண உருவங்கள் செய்யும் பிளெண்டரின் கோப்பு, உள்ளே இருக்கும் தரவு எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்ற விவரத்தையும் தன்னோடு சேர்த்தே எடுத்துச் செல்கிறது. அதனால் பழைய பிளெண்டர்கூடப் பல நேரம் புதிய கோப்பைத் திறந்து, தனக்குப் புரிந்ததை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடும். விட்டது போனதுதான் என்பதால், அப்படித் திறந்த கோப்பின் மேலேயே சேமிக்கக் கூடாது.

மூன்றாவது உங்கள் துறை. பியூர் டேட்டா. இதில் ஒரு பேட்ச் என்பது வெறும் எழுத்துக் கோப்பு. ஒரு பெட்டிக்கு ஒரு வரி: எங்கே இருக்கிறது, பெயர் என்ன. ஒரு வயருக்கு ஒரு வரி: நான்கு எண்கள், எந்தப் பெட்டியின் எந்த வாயிலிலிருந்து எந்தப் பெட்டியின் எந்த வாயிலுக்கு. மென்பொருளே இல்லாமல் போனாலும் காகிதத்தில் அந்தப் படத்தை வரைந்துவிடலாம். திருச்சிப் பேராசிரியரின் ஏக்கத்துக்கு இது நேரான பதில்.

இதை எழுதிய மில்லர் பக்கெட்டுக்கு இந்த அக்கறை எங்கிருந்து வந்தது என்பதும் தெரிந்துகொள்ள வேண்டியது. 1980-களில் பாரிஸின் இர்காம் நிறுவனத்தில் மேக்ஸ் என்ற பட மென்பொருளை முதலில் உருவாக்கியவர் அவர்தான். பிலிப் மனூரி 1988-இல் இயற்றிய 'ப்ளூட்டோன்' அதன் தொடக்ககாலப் படைப்புகளில் ஒன்று. பியானோ வாசிக்க வாசிக்கக் கணினி உடன் ஒலிக்கும். அந்த ஒலியைத் தந்த 4எக்ஸ் என்ற இயந்திரம் பிறகு வழக்கொழிந்தது. பியானோவுக்கான தாள் இருக்கிறது, வாசிக்க ஆள் இருக்கிறார், கணினிப் பகுதிக்கு மட்டும் இயந்திரம் இல்லை என்ற நிலை. பின்னாளில் பக்கெட் அந்தப் பகுதியைப் பியூர் டேட்டாவில் மறுபடி அமைத்து, யாரும் எடுத்து வாசிக்கும்படி வைத்தார். ஒரு பெட்டியின் நடத்தையைப் பின்னால் திருத்த நேர்ந்தால், 'இந்தப் பழைய பதிப்பில் நடந்தபடியே நட' என்று கட்டளையிடும் வசதியும் பியூர் டேட்டாவில் உண்டு. கச்சேரியில் கேட்ட ஒலி இருபது வருடம் கழித்தும் அப்படியே கேட்க வேண்டும் என்று நினைத்தவர் செய்த வேலை அது.

புராஜெக்ட் பாதியில் இருக்கிறது. புதிய பதிப்பு இலவசமாகக் கிடைக்கிறது. ஏற்றலாமா?
- பெயர் வேண்டாம், ஆவடி

வேண்டாம். முடித்துவிட்டு ஏற்றுங்கள்.

எங்கள் துறைத் தலைவர் ஓய்வுபெற்றுவிட்டார். 2003 வாக்கில் அவர் செய்த விஐ கோப்புகள் ஒரு ஃபோல்டர் நிறைய இருக்கின்றன. புதிய லேப்வியூவில் சில திறக்கின்றன, சில திறந்தும் ஓடவில்லை, சிலவற்றில் டயாகிராமே இல்லை. மீட்க வழி உண்டா?
- இயற்பியல் உதவிப் பேராசிரியர், யாழ்ப்பாணம்

மூன்று வகைக்கும் மூன்று பதில்.

திறப்பவை பிழைத்தன. பிரதியில் சேமியுங்கள்.

திறந்தும் ஓடாதவற்றில் பெரும்பாலும் குற்றவாளி லேப்வியூ அல்ல, டிரைவர். அளவீட்டு அட்டைகளுக்கான பழைய 'டிரெடிஷனல் என்ஐ-டாக்' போய் 'டாக்எம்எக்ஸ்' வந்தது ஏறக்குறைய அந்தக் காலத்தில்தான். பழைய டிரைவரின் பிளாக்குகள் இருந்த இடம் கேள்விக்குறியாக நிற்கும். அந்தப் பிளாக்குகளை மட்டும் புதிய டிரைவருக்கு மாற்றுங்கள். கணக்குப் பகுதியைத் தொட வேண்டியிருக்காது. அட்டையும் பழையது என்றால், பழைய கணினியைத் தூக்கிப் போடாமல் இணையத்திலிருந்து துண்டித்து அதிலேயே ஓட்டுவதுதான் மலிவு.

டயாகிராம் இல்லாதவைதான் துயரம். ரகசியம் காக்கவோ கோப்பைச் சிறிதாக்கவோ டயாகிராமை நீக்கிச் சேமிக்க லேப்வியூ அனுமதிக்கிறது. நீக்கினால் மிஞ்சுவது அந்தப் பதிப்புக்கும் அந்த இயங்குதளத்துக்கும் கம்பைல் செய்த நிரல் மட்டும். புதிய பதிப்பு மறுபடி கம்பைல் செய்ய அதனிடம் படம் இல்லை. கடவுச்சொல் போட்டு மறைத்ததைக்கூடப் புதிய பதிப்புக்குக் கொண்டுவரலாம், நீக்கியதைக் கொண்டுவர முடியாது. அதே பழைய லேப்வியூ பதிப்பு கிடைத்தால் ஓட்டலாம். உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க முடியாது.

ஆகவே இன்றே தலைவர் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசுங்கள். பழைய சிடி, பென்டிரைவ், வீட்டுக் கணினி எங்காவது டயாகிராமோடு கூடிய மூலம் இருக்கலாம். கிடைத்ததும் லேப்வியூவின் பிரின்ட் வசதியில் ஒவ்வொரு டயாகிராமையும் எச்டிஎம்எல் ஆவணமாக எடுத்து, எந்தப் பதிப்பு, எந்த டிரைவர், எந்த அட்டை என்று மேலே எழுதி நூலகத்தில் வையுங்கள். மற்ற துறையினருக்கும் இதுவே என் வேண்டுகோள்: இந்த வருடம் உங்கள் துறையில் யார் ஓய்வுபெறுகிறார்கள் என்று பார்த்து, அவர் விடைபெறும் முன் அவரோடு உட்கார்ந்து இந்த வேலையை முடித்துவிடுங்கள்.